ஸ்டேஷன் ஜாமீன்: இன்ஸ்பெக்டர் கையில் விட்டு வைக்கலாமா?

கரிசல்காட்டான்:
நேரா விஷயத்துக்கு வரேன். எங்க ஊர்ப் பக்கம் ரெண்டு கேஸ். ஒண்ணு, பைபாஸ்ல சைக்கிள்ல போன பெரியவரை கார் அடிச்சுத் தூக்கிருச்சு. ஸ்பாட்லயே உயிர் போயிட்டு. ஓட்டினவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு பாடி வீட்டுக்கு வரதுக்குள்ள அவர் வீட்டுக்குப் போயிட்டார். கேட்டா ஸ்டேஷன் ஜாமீனாம், கோர்ட்டுக்குப் போகாமலே போலீசே விடுறது.

ரெண்டாவது, ஆடி மாசக் கோயில் கொடையில ரெண்டு தெருவுக்குத் தகராறு. எங்க அக்கா மகன் ஒருத்தன் சட்டையைப் பிடிச்சான். தள்ளுமுள்ளுல சீரியல் செட்டும் டியூப்லைட்டும் உடைஞ்சது. யாருக்கும் ஒரு தையல் கூடப் போடல. அவனை வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து தூக்கினாங்க. ரிமாண்ட். ஆவணி பொறந்துதான் வெளிய வந்தான்.

ரெண்டும் ஒரே ஸ்டேஷன், ஒரே இன்ஸ்பெக்டர். ஆள் செத்த கேஸ்ல விடுறதும், டியூப்லைட் உடைஞ்ச கேஸ்ல உள்ள போடுறதும் அவர் இஷ்டம்னா, அந்த அதிகாரமே போலீசுக்கு வேண்டாம்ங்கிறேன். யாரைப் பிடிச்சாலும் மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்து, அவர் முடிவு பண்ணட்டும். எதிர்க்கிறவங்க வாங்க.

கறுப்புக்கோட்டு:
எதிர்க்கிறேன். முதலில் உங்கள் விபத்துக் கேஸ். கவனக்குறைவால் மரணம் என்பது பழைய இ.பி.கோ. 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106(1). தண்டனையை 2 வருடத்திலிருந்து 5 வருடமாக ஏற்றினார்கள், ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகவே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குற்றத்தில் கைதானவர் 'ஜாமீன் தருகிறேன்' என்று சொன்ன நிமிடமே விட்டாக வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 478, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 436. இன்ஸ்பெக்டருக்குப் பிடித்தவரா பிடிக்காதவரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ரசிக்லால் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இதை மறுக்க முடியாத உரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னும் ஒன்று: 'உனக்கு ஜாமீன் உரிமை உண்டு, ஜாமீன்தாரரை ஏற்பாடு செய்துகொள்' என்று கைது செய்யும் அதிகாரியே சொல்ல வேண்டும். அதே சன்ஹிதாவின் 47(2).

நீங்கள் சொல்கிறபடி எல்லாரையும் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் யாரையோ இடித்த காலேஜ் பெண்ணும் ஞாயிறு முழுக்க உள்ளே இருப்பாள். லீவு நாளில் ரிமாண்ட் பண்ண மாஜிஸ்திரேட் இருப்பார். ஜாமீன் மனு திங்கள்கிழமைதான்.

சும்மா_ஒருத்தன்:
மறுக்க முடியாத உரிமைக்கு எங்க ஏரியாவுல ரேட் கார்டு இருக்கு வக்கீல் சார். ஜி.எஸ்.டி. மட்டும்தான் போடல.

கறுப்புக்கோட்டு:
இருக்கிறது. மறுக்கவில்லை. ஸ்டேஷன் ஜாமீனுக்குப் பணம் வாங்கி லஞ்ச ஒழிப்பில் மாட்டும் செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. ஆனால் அந்தப் பணம் எதற்கு என்று யோசியுங்கள். சட்டப்படி கிடைத்தே தீர வேண்டிய ஒன்றை, இவர் மனது வைத்தால்தான் கிடைக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் விலை. கரிசல்காட்டான் சாரும் அதே நம்பிக்கையோடுதான் இந்த இழையை ஆரம்பித்திருக்கிறார்.

பழைய காக்கி:
ரிட்டையர்டு எஸ்.ஐ. நான். ஸ்டேஷன், டிராபிக், திரும்ப ஸ்டேஷன்னு சுத்தினவன். வக்கீல் சொன்னதுல சட்டம் சரி. ஆனா ஸ்டேஷன் வாசல்ல நின்னு பார்த்தவனுக்குத்தான் மீதி தெரியும்.

ஆக்சிடென்ட்ல ஒருத்தர் செத்தா சொந்தக்காரங்க ஜி.எச். வாசல்ல உட்காருவாங்க. 'டிரைவரைக் கைது பண்ணாம பாடியை வாங்க மாட்டோம்.' அடுத்து மறியல். டி.எஸ்.பி. போன் மேல போன் போடுவார். அந்த நேரத்துல 478 பிரிவுப்படி விட்டுட்டேன்னு அவங்க முன்னால போய்ச் சொல்ல முடியுமா? அதனால டிரைவரை நாலு மணி நேரம் உள்ள உட்கார வச்சு, கூட்டம் கலைஞ்சதும் பிணைமுறியில கையெழுத்து வாங்கி பின்பக்கமா அனுப்புவோம். விட்டதை ஒளிச்சு வைக்கிறதால ஜனங்களுக்கு சந்தேகம் வருது. நியாயம்தான். ஆனா வேற வழி சொல்லுங்க.

2024 ஜூன்ல பெசன்ட் நகர்ல நடைபாதையில தூங்கினவர் மேல பி.எம்.டபிள்யூ ஏறிச்சே, அதுலயும் ஸ்டேஷன் ஜாமீன்தான். நாடு முழுக்கப் பேசினாங்க. ஓட்டினது ஆட்டோக்காரரா இருந்தாலும் அதே பிரிவு, அதே ஜாமீன். யாரும் எழுத மாட்டாங்க, அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்:
அதே பிரிவுன்னு சொல்றீங்களே, எந்தப் பிரிவுன்னு முடிவு பண்றது யாரு அண்ணே? கடவுளா? குடிச்சிருந்தாரா, எவ்வளவு ஸ்பீடுல வந்தார், இதெல்லாம் பார்க்காம முதல் மணி நேரத்துலயே 106(1)னு எழுதறது யாரு?

கறுப்புக்கோட்டு:
இப்போது சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஜாமீன் முடிவு, ஜாமீன் கேட்கும்போது எடுக்கப்படுவதில்லை. எஃப்.ஐ.ஆரில் பிரிவு எழுதும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. ரைட்டர் மேஜையில். விபத்து மரணத்தை 106(1) என்று எழுதினால் இரவுச் சாப்பாடு வீட்டில். அதையே 105, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று எழுதினால் ஜாமீனில் விட முடியாத குற்றம், ரிமாண்ட். அலிஸ்டர் அந்தோணி பெரேரா வழக்கில், குடித்துவிட்டு நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் காரை ஏற்றியது வெறும் கவனக்குறைவு ஆகாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் பெரிய பிரிவையே உறுதி செய்தது. ஆக இரண்டுக்கும் வழி திறந்தே இருக்கிறது. எந்த வழி என்பதற்கு ஆதாரம் வேண்டும். குடித்திருந்தாரா என்பதற்கு ரத்தம் எடுத்தார்களா, எப்போது எடுத்தார்கள்? மோட்டார் வாகனச் சட்டம் 185இன் கணக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சாயங்காலம் வரை இழுத்தடித்து எடுத்தால் எந்தக் குடிகாரரும் தேறிவிடுவார். ஸ்டேஷன் ஜாமீன் கொடுத்தார்கள் என்று கத்துவதில் பிரயோஜனமில்லை. ரத்தம் எடுத்த நேரம் என்ன என்று கேளுங்கள்.

உங்கள் அக்கா மகன் கேஸில் என்னென்ன பிரிவு போட்டிருந்தார்கள்? எஃப்.ஐ.ஆர். கையில் இருக்கிறதா?

கரிசல்காட்டான்:
இருக்கு. 296(பி), 115(2), 351(3). அப்புறம் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடைச் சட்டம் 1992, பிரிவு 3.

கறுப்புக்கோட்டு:
கடைசியில் இருக்கிறதே, அதுதான் பூட்டு. கெட்ட வார்த்தை, கை கலப்பு இதெல்லாம் ஸ்டேஷனிலேயே முடிந்திருக்கும். டியூப்லைட்டுக்காகச் சேர்த்த பிரிவு 3தான் பையனை உள்ளே தள்ளியது. பஸ் கண்ணாடியை உடைப்பவர்களுக்காக வந்த சட்டம். பிறகு தனியார் சொத்தையும் சேர்த்தார்கள். நூறு ரூபாய்க்கு மேல் சேதம் என்றாலே போதும். நூறு ரூபாய்க்கு இப்போது என்ன உடையாமல் கிடைக்கும், சொல்லுங்கள்.

பழைய காக்கி:
வக்கீலய்யா, எதிர்த்தரப்புக்கு ஆஜரானா இதே வாயால 'ஏன் அந்த செக்‌ஷனைச் சேர்க்கல'ன்னு எஸ்.பி. ஆபீஸ்ல பெட்டிஷன் கொடுப்பீங்க. கொடுத்திருக்கீங்களா இல்லையா? கொடைத் தகராறுல ரெண்டு தெருவும் ரெண்டு சாதின்னா, ஒரு தரப்பு ஆளை விட்டா மறுநாள் காலையில அரிவாள். ராத்திரிக்கு ராத்திரி ரெண்டு பக்கமும் நாலு நாலு பேரை அள்ளி உள்ள போடுறது சட்டப் புத்தகத்துல இருக்காது. ஆனா அதனால எத்தனை தலை தப்பிச்சதுன்னு கணக்கும் இருக்காது.

கறுப்புக்கோட்டு:
பெட்டிஷன் கொடுத்திருக்கிறேன். அது என் தொழில். இரண்டு பக்கமும் கேட்பதைக் கேட்டுவிட்டுச் சரியானதை எழுதுவது உங்கள் தொழிலாக இருந்தது.

ஊர் அமைதிக்காக அள்ளிப்போட வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. தடுப்புக் கைது, நன்னடத்தைப் பிணை. டியூப்லைட்டைக் காரணம் காட்டத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியைத் தேர்ந்தெடுத்ததும் அமைதிக்காகத்தானா? வியாழக்கிழமை அமைதி வேண்டாமா?

சும்மா_ஒருத்தன்:
வெள்ளிக்கிழமை நல்ல நாள் சார். பூஜை போட்டுட்டு எஃப்.ஐ.ஆர். போடுவாங்க.

தென்றல்:
இவ்வளவு நேரமாக ஆண்கள் மட்டும் கைதானவரின் உரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பெண்களுக்கான ஒரு உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களின் கதை வேறு.

மனைவி புகார் கொடுக்கிறாள். கணவன் மேல் பிரிவு 85, மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான பழைய 498ஏ. ஜாமீனில் விட முடியாத குற்றம்தான், ஆனால் தண்டனை 3 வருடம் என்பதால் கைதே செய்வதில்லை. ஒரு நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அடித்ததற்குத் தனிப் பிரிவு போட்டால் அது ஸ்டேஷனிலேயே ஜாமீன். எப்படிப் பார்த்தாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஆள் வீட்டுக் கதவைத் தட்டுவான். அவன் வெளியே வந்துவிட்டான் என்று அவளுக்கு ஒரு போன் கூட யாரும் செய்வதில்லை. ஸ்டேஷனில் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள்.

வக்கீல் சார் உரிமை உரிமை என்கிறாரே, அந்த உரிமைக்கு மறுபக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது. நான் கரிசல்காட்டான் பக்கம். இந்த முடிவு போலீசிடம் இருக்கக் கூடாது.

கறுப்புக்கோட்டு:
மேடம், மதிப்போடு சொல்கிறேன். நீங்கள் சொல்லும் நோட்டீஸ் போலீஸ் தானாகக் கண்டுபிடித்ததில்லை. அர்னேஷ் குமார் தீர்ப்பு, 2014. 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று எழுதிக் காட்ட வேண்டும், தேவையில்லை என்றால் 41ஏ நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்றது. இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3). மீறினால் துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் உண்டு. 2022இல் சதேந்தர் குமார் அண்டில் வழக்கில் அதையே இன்னும் இறுக்கினார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம் ஊர்க்காரர், நீதிபதி எம்.எம். சுந்தரேஷ். அந்த வருடக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தண்டனையே விதிக்கப்படாதவர்கள். உங்கள் மையத்துக்கு வரும் பெண்களின் தம்பிகளும் மகன்களும் அதில் இருப்பார்கள்.

தென்றல்:
அர்னேஷ் குமார் தீர்ப்பை நானும் படித்திருக்கிறேன் சார். அது எந்த வழக்கில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 498ஏ வழக்கில். பெண்கள் அந்தப் பிரிவை ஆயுதமாக்குகிறார்கள் என்ற சந்தேகத்தோடு தொடங்கும் தீர்ப்பு. திருட்டுக் கேஸிலோ கந்துவட்டிக் கேஸிலோ அந்தக் கட்டுப்பாடு முதலில் ஏன் தோன்றவில்லை? டியூப்லைட் உடைத்த பையனுக்கு அந்த நோட்டீஸ் வரவில்லையே. 5 வருடத்துக்குள்தானே அதற்கும் தண்டனை? பெண்டாட்டியை அடித்தவனுக்கு மட்டும் ஸ்டேஷனுக்கு அர்னேஷ் குமார் ஞாபகம் வருகிறது.

கறுப்புக்கோட்டு:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியான அடி.

பழைய காக்கி:
என்கிட்ட இருக்கு. குடும்பச் சண்டையில கைது பண்ணினா நாளைக்கு அதே அம்மா வந்து 'அவர் இல்லாம சம்பாத்தியம் இல்ல, விட்டுடுங்கய்யா'ன்னு அழுவாங்க. பார்த்திருக்கேன். அதனால எந்த எஸ்.ஐ.யும் அவசரப்பட மாட்டான். கொடைத் தகராறுல யாரும் அப்படி வந்து அழறதில்ல. இது சரின்னு சொல்ல வரல. நடக்கறதைச் சொல்றேன்.

தென்றல்:
அழுவது சம்பாத்தியத்துக்காக ஐயா. அவன் வெளியே வர வேண்டும் என்பதற்காக இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டுப் பழகிவிட்டீர்கள்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
வணக்கம். நான் இருக்கிறது லண்டனிலை. இஞ்சத்தை நடைமுறையையும் சொல்லுறன், ஒப்பிட்டுப் பாக்கலாம்.

இங்கிலாந்திலை ஒருத்தருக்குக் குற்றச்சாட்டுப் பதிஞ்ச பிறகு பொலிஸ் நிலையத்திலையே பிணை குடுக்கிறதா, இல்லாட்டி மறிச்சு வைச்சு நீதிமன்றத்துக்கு அனுப்பிறதா எண்டு முடிவு செய்யிறது தடுப்புக்காவல் சார்ஜன்ட். 1984ஆம் ஆண்டுச் சட்டம், 38ஆம் பிரிவு. முக்கியமான விசயம், அந்த ஆள் விசாரணை செய்யிற அதிகாரியா இருக்கக் கூடாது. வழக்கிலை சம்பந்தமில்லாத வேறை ஆள். பிணை மறுத்தா காரணத்தைப் பதிவேட்டிலை எழுதவேணும், பிடிபட்டவருக்கும் சொல்லவேணும்.

குற்றச்சாட்டுக்கு முந்தின பிணைதான் பெரிய குழறுபடி. மாசக்கணக்கா, வருசக்கணக்கா ஆக்களைப் பிணையிலை வைச்சு இழுத்தடிக்கினம் எண்டு 2017இலை 28 நாள் வரம்பு கொண்டுவந்தினம். பிணையே குடுக்காமல் விடுறதுதான் வழமை எண்டும் ஆக்கிச்சினம். நல்ல எண்ணம்தான். நடந்தது என்னெண்டால், வீட்டு வன்முறை வழக்குகளிலை கூட ஒரு நிபந்தனையும் இல்லாமல் 'விசாரணை தொடருது, போ' எண்டு விடத் தொடங்கிட்டினம். 2018இலை கே ரிச்சர்ட்சன் எண்ட பெண்ணை, அப்பிடி வெளியிலை விடப்பட்ட பிரிஞ்சிருந்த கணவரே கொலை செய்தார். பிறகு 2022இலை சட்டத்தைத் திருத்தி, பிணை நிபந்தனை போடேக்கை பாதிக்கப்பட்டவரிட்டைக் கருத்துக் கேக்கவேணும் எண்டு வைச்சினம். அந்தப் பெண்ணின்ரை பெயராலைதான் அந்தத் திருத்தத்தைச் சொல்லுறவை.

தென்றல் அக்கா சொன்னது இஞ்சையும் ஒரு உயிர் போனாப் பிறகுதான் விளங்கினது.

பழைய காக்கி:
தம்பி, தனி சார்ஜன்ட் எல்லாம் கேக்க நல்லாருக்கு. எங்க ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர்தான் எஸ்.எச்.ஓ., அதாவது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, அவரேதான் பாதி கேஸுக்கு விசாரணை அதிகாரி. முதல்வர் வந்தா பந்தோபஸ்து, திருவிழான்னா பந்தோபஸ்து. பாரா நிக்க ஆள் பத்தாது, இதுல ஜாமீனுக்குத் தனியா ஒரு அதிகாரியா? கைது விவரம் வச்சிருக்க ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பொறுப்பு அதிகாரின்னு புதுச் சட்டத்துல பிரிவு 37 இருக்கு. அதையே யார் தலையிலயாவது கட்டிட்டு மறந்துட்டாங்க.

இன்னொண்ணு. ஜாமீனில் விட முடியாத குற்றத்துலயும் எஸ்.எச்.ஓ. ஜாமீன் கொடுக்கலாம், தெரியுமா? தூக்கு, ஆயுள் வர்ற கேஸைத் தவிர. பிரிவு 480. காரணத்தை எழுதி வச்சுட்டு விடலாம். என் சர்வீஸ்ல ஒருத்தரும் பண்ணிப் பார்த்ததில்ல. ஏன்? விட்ட ஆள் வெளிய போய் ஏதாவது பண்ணிட்டா மறுநாளே ஆயுதப்படைக்குத் தூக்கி அடிப்பாங்க, பின்னாலயே சார்ஜ் மெமோ வரும். உள்ள போட்டதுக்காக எவனையும் மாத்தினதில்ல. இந்தக் கணக்கு இருக்கிற வரைக்கும் எந்தத் தீர்ப்பு வந்தாலும் பேனா ஒரு பக்கமாத்தான் சாயும்.

சும்மா_ஒருத்தன்:
இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதான். ஜோக் அடிக்க எதுவும் விட்டு வைக்கல.

கரிசல்காட்டான்:
அண்ணே, நீங்களே சொல்லிட்டீங்க. பயத்துல உள்ள போடுறாங்க, கூட்டத்துக்குப் பயந்து ஒளிச்சு விடுறாங்க. அப்போ என் கட்சிதான் சரி. பயமில்லாத ஒருத்தர் கையில கொடுங்க. மாஜிஸ்திரேட்டை யாரும் ஆயுதப்படைக்கு மாத்த மாட்டாங்க.

கறுப்புக்கோட்டு:
சாத்தான்குளத்தை மறந்துவிட்டீர்களா? 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். போட்ட பிரிவுகளைப் பாருங்கள். 188, 269, 294(பி), 353, 506(2). கடையை அடைக்கத் தாமதம் என்பதோடு நின்றிருந்தால் அன்று ராத்திரியே ஸ்டேஷன் ஜாமீனில் வீடு போயிருப்பார்கள். 353, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது. அதைச் சேர்த்ததும் ஜாமீனில் விட முடியாத வழக்காகிவிட்டது. மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால்தான் நிறுத்தினார்கள். நீங்கள் கேட்கிற அதே மாஜிஸ்திரேட். ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார். 22ஆம் தேதி ராத்திரி மகன், 23ஆம் தேதி காலை அப்பா.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதே காப்பு என்றால் அந்த இருவரும் பிழைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ரிமாண்ட் ரிப்போர்ட் அவர் மேஜைக்கு வருகிறது, ஒவ்வொன்றையும் படிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கோர்ட்டில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். அர்னேஷ் குமார் தீர்ப்பு மாஜிஸ்திரேட்டுகளையும் சேர்த்துத்தான் எச்சரித்தது. தன் காரணத்தை எழுதி வைக்காமல் காவலுக்கு அனுமதித்தால் அவர் மேல் உயர் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. எடுத்ததை நான் பார்த்ததில்லை.

கரிசல்காட்டான்:
சாத்தான்குளத்தைச் சொன்னா பேச முடியாது. சரி, அப்போ எங்கதான் போறது?

கறுப்புக்கோட்டு:
காகிதத்திடம். சிரிக்காதீர்கள். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமாக இருந்தாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது. முடியாத சூழலில் வாயால் சொல்லலாம், ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். அந்த வழக்கும் மும்பையில் ஒரு பி.எம்.டபிள்யூ மோதிய வழக்குதான். பணக்காரப் பையன் போட்ட வழக்கில் ஏழைப் பையனுக்குக் கிடைத்த உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா மகனுக்கு அந்தக் காகிதம் கொடுத்திருந்தால், அதில் 'டியூப்லைட் உடைந்ததால்' என்று யாராவது எழுதியாக வேண்டியிருக்கும். எழுதும்போது ரைட்டருக்கே கை கூசும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையைச் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் அவரை வசதியற்றவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 478இன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் ரெண்டு ஜாமீன்தாரர், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று பட்டியல் நீளும்.

பழைய காக்கி:
கூசும்னு சொல்றீங்க. ரெடிமேட் பாரம் அடிச்சு வச்சுடுவாங்க வக்கீலய்யா. 'சாட்சிகளைக் கலைக்கக்கூடும், தலைமறைவாகக்கூடும்.' பேரை மட்டும் நிரப்பணும். நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு 'சர்வ் பண்ணியாச்சு'ன்னு எழுதினவங்கதானே. அதை உச்ச நீதிமன்றம் கூடாதுன்னு சொல்ல 2025 ஜனவரி ஆச்சு.

தென்றல்:
காகிதம் கைதானவருக்கு. சரி. பாதிக்கப்பட்டவருக்கு என்ன? எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ இருக்கிறது, ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல், பாதிக்கப்பட்டவர்களைச் சரியாகக் கேட்காமல் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லாமே கோர்ட்டில். ஸ்டேஷனில் கொடுக்கும் ஜாமீனில் அவளுக்கு ஒரு வரி உண்டா?

கறுப்புக்கோட்டு:
இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில், 'அந்தத் தெருப் பக்கம் போகாதே' என்று போலீஸ் நிபந்தனை போடவும் முடியாது. அதற்கு வேறு கதவு: குடும்ப வன்முறைச் சட்டம் 2005. பாதுகாப்பு ஆணை வாங்கிவிட்டால், அதை மீறுவது ஜாமீனில் விட முடியாத குற்றம். பிரிவு 31, 32.

தென்றல்:
மனு போட்ட 3 நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை கோர்ட்டில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது அவ்வளவு பெரியதும் இல்லை. அவனை விடும்போது புகார் கொடுத்தவளுக்கு ஒரு போன். எஃப்.ஐ.ஆரில் அவள் நம்பர் இருக்கிறது.

பழைய காக்கி:
பண்ணலாம்மா. செலவில்லாத வேலை. ரூல் இல்லாததால பண்றதில்ல. எஸ்.பி. ஒரு சர்க்குலர் போட்டா மறுநாள் முதல் நடக்கும். ஜெனரல் டைரியில 'இத்தனை மணிக்குத் தகவல் சொல்லப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதச் சொன்னா போதும். எழுதணும்னா பண்ணியே ஆவாங்க.

கறுப்புக்கோட்டு:
கைதானவரின் தகவலை யார் யாருக்குச் சொல்லலாம் என்று யாராவது ரிட் போடுவார்கள்.

தென்றல்:
நீங்கள்தான் போடுவீர்கள்.

கறுப்புக்கோட்டு:
கட்சிக்காரர் கேட்டால் போடுவேன். அந்த ரிட் தோற்க வேண்டும் என்றும் ஆசைப்படுவேன்.

கரிசல்காட்டான்:
நான் முழுசா மாறல. ஆனா கேள்வியை மாத்திக்கிறேன். சைக்கிள் பெரியவர் கேஸ்ல ரத்தம் எடுத்த நேரம் என்னன்னு கேட்கணும். அவர் மகன் கூலி வேலை, அவனுக்கு இதெல்லாம் தெரியாது. மனு எப்படி எழுதணும் வக்கீல் சார்?

கறுப்புக்கோட்டு:
விபத்து என்பதால் நஷ்டஈட்டு வழக்கு எப்படியும் போடுவார்கள். தீர்ப்பாயத்துக்கு எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். அதோடு டிரைவரின் மருத்துவப் பரிசோதனைப் பதிவையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். புகார்தாரர் அந்த மகனாக இருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவருக்குச் சொல்ல வேண்டும், பிரிவு 193(3). அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சும்மா_ஒருத்தன்:
பதிவுத் தபாலை செப்டம்பர் 2025லயே ஸ்பீட் போஸ்ட்ல சேர்த்துட்டாங்க சார். உங்க கோட்டு மட்டும் பழசு இல்ல போல.

பழைய காக்கி:
ஸ்பீட் போஸ்ட்டே போடச் சொல்லுங்க. கவர் மேல ரத்தப் பரிசோதனைன்னு எழுத வேண்டாம். உள்ள எழுதினா போதும்.